இடப்பக்கம் அமரும் ஓட்டுநர்: ரேலி கார்கள் எனக்குக் கற்றுத் தந்த பாடம்

மலேசியாவில் பிறந்து வளர்ந்த நமக்கு, காரில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்வார் என்பது சொல்லித் தெரிய வேண்டிய செய்தியன்று. நாம் சாலையின் இடப்பக்கமாகச் செல்கிறோம். எதிரே வரும் வாகனத்தை நன்கு பார்ப்பதற்காக நடுக்கோட்டை ஒட்டிய பக்கத்தில், அதாவது வலப்பக்கத்தில், ஓட்டுநர் அமர்கிறார். இங்கிலாந்திலும் ஜப்பானிலும் இதே முறைதான்.

ஆனால், 1995ஆம் ஆண்டு உலக ரேலி வெற்றியாளர் பட்டத்தை வென்ற காரை நினைத்துப் பாருங்கள். சுபாரு என்னும் ஜப்பானிய நிறுவனத்தின் இம்ப்ரேசா கார் அது. அதைப் பந்தயத்திற்காகக் கட்டியது இங்கிலாந்தின் பான்பரி நகரில் உள்ள புரோட்ரைவ் நிறுவனம். ஓட்டியவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கொலின் மெக்ரே. காரின் நாடும், கட்டிய நாடும், ஓட்டியவரின் நாடும் சாலையில் இடப்பக்கம் செல்பவை. ஆயினும் மெக்ரே அமர்ந்திருந்தது இடப்பக்க இருக்கையில்; ஸ்டியரிங் இருந்ததும் இடப்பக்கத்தில்.

இது ஏன்? இந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொன்னவன் நான். அந்தப் பதிலை நம்பிய ஒருவர், ஓராண்டு சேமிப்பில் வாங்கிய காரோடு பந்தயத்தின் தொடக்கக் கோட்டைத் தொடாமலேயே வீடு திரும்பினார். நம் பேரவையின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, வேறு எதையும் எழுதுவதற்கு முன் அந்தக் கடனை அடைக்க வேண்டும் என்று தோன்றியது.

பட்டறையில் சொன்ன பதில்

இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டில், தொழிற்பயிற்சிக்காக ஜொகூரில் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். வாரநாள்களில் சாதாரணக் கார்களைப் பழுதுபார்ப்பார்கள். மாலையிலும் வார இறுதியிலும் ரேலி கார்களைத் தயார் செய்வார்கள். ஜொகூரின் செம்பனைத் தோட்டங்களுக்கும் ரப்பர் தோட்டங்களுக்கும் இடையே ஓடும் செம்மண் சாலைகள் ரேலிக்குப் பெயர் பெற்றவை என்பதைப் பலர் அறிவர்.

ஒரு நாள் வாடிக்கையாளர் ஒருவர் லோரியில் ஒரு காரை ஏற்றி வந்தார். ஐரோப்பாவில் சில ஆண்டுகள் ஓடி ஓய்ந்த, நான்கு சக்கரங்களும் இயங்கும் ரேலி கார். ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்தது. அவர் சிறு குத்தகைக்காரர். வாழ்நாள் முழுதும் வலப்பக்கம் அமர்ந்தே ஓட்டியவர்.

"ஏன் தம்பி, இத வலது பக்கத்துக்கு மாத்த முடியாதா? மூனு மாசத்துல போட்டி இருக்கு" என்று கேட்டார்.

பட்டறையின் தலைமை மெக்கானிக் தலையைச் சொறிந்தார். நான் முந்திக்கொண்டேன். "ஐரோப்பாக்காரங்களுக்கு வலது கையில கியர் போட்டுத்தான் பழக்கம். வலது கைக்குத்தான் பலம் அதிகம். அதனால இடது பக்கம் வச்சிருக்காங்க. மத்தபடி ரெண்டு பக்கமும் கண்ணாடியில பாக்குற மாதிரி ஒன்னுதான். திருப்பிப் போட்டா முடிஞ்சது. மூனு வாரம் போதும்ணே."

"தம்பி, நீ படிக்கிற புள்ள. கணக்கு சரியா வருமா?" என்றார் மெக்கானிக்.

"வரும்ணே" என்றேன்.

நான் சொன்னவற்றுள் இரண்டு பிழைகள் இருந்தன. வலக்கையின் வலிமைதான் காரணம் என்றது ஒன்று. கார் கண்ணாடி உருவம் போன்றது என்றது மற்றொன்று. இரண்டையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அதற்கு முன், ரேலி என்பது எப்படிப்பட்ட பந்தயம் என்று சுருக்கமாகத் தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டு வகைச் சாலைகள்

வட்டத்தடப் பந்தயத்தில் எல்லாக் கார்களும் ஒன்றாகப் புறப்பட்டு ஒன்றையொன்று முந்தும். ரேலியில் கார்கள் இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகப் புறப்படும். பொதுப் போக்குவரத்துக்கு மூடப்பட்ட சாலைப் பகுதியில் யார் குறைந்த நேரம் எடுத்துக்கொள்கிறார் என்பதே போட்டி. இப்பகுதிக்குச் 'சிறப்புக் கட்டம்' என்று பெயர். ஒரு சிறப்புக் கட்டத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது, கார் பொதுச் சாலையில் மற்ற வாகனங்களோடு கலந்து, விளக்குக்கு நின்று, வேக வரம்பை மதித்துச் செல்ல வேண்டும். அதனால்தான் ரேலி காருக்குப் பதிவு எண் பலகையும் உண்டு.

இங்கேதான் நம் கேள்விக்கான முதல் திறவுகோல் இருக்கிறது. ஓட்டுநர் நடுக்கோட்டை ஒட்டி அமர வேண்டும் என்ற விதியே, எதிரே வாகனம் வரும் என்பதால் பிறந்தது. மூடப்பட்ட சிறப்புக் கட்டத்தில் எதிரே எதுவும் வராது. ஓட்டுநர் சாலையின் முழு அகலத்தையும் பயன்படுத்துவார். வளைவில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்திற்குப் போவார். ஆகவே அந்நாட்டுச் சாலை விதி எந்தப் பக்கமாக இருந்தாலும் பந்தய நேரத்தில் அதனால் ஆதாயமும் இல்லை, நட்டமும் இல்லை. இணைப்புச் சாலைகளில் மட்டுமே சிறிது சிரமம். லோரியை முந்த வேண்டுமானால், 'வழி இருக்கிறதா' என்று பக்கத்தில் இருக்கும் துணை ஓட்டுநர் பார்த்துச் சொல்ல வேண்டும். நம் ஊரில் டோல் சாவடியில் கையை நீட்டுவதும் அவர் வேலையாகிவிடும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு இருந்தது. கென்யாவின் சபாரி ரேலி 1953இல் தொடங்கியது. உலக வெற்றியாளர் போட்டியின் அங்கமாக 2002 வரை நடந்த காலத்தில், அது மூடப்படாத சாலைகளில் ஓடியது. எதிரே பேருந்தும் வரலாம், மாடும் வரலாம். பெரிய அணிகள் காருக்கு மேலே ஹெலிகாப்டரைப் பறக்கவிட்டு, முன்னே என்ன வருகிறது என்று வானொலியில் எச்சரித்தன. 2021இல் அப்போட்டி உலகப் பட்டியலுக்குத் திரும்பியபோது மூடப்பட்ட கட்டங்களாக மாறிவிட்டது.

வலக்கையின் வலிமையா?

இனி, என் முதல் பிழைக்கு வருவோம். மனிதருள் பெரும்பாலோர் வலக்கைப் பழக்கம் உடையவர்கள். ஓட்டுநர் இடப்பக்கம் அமர்ந்தால், காரின் நடுவில் உள்ள கியர் தண்டும் கைப்பிரேக்கும் அவருடைய வலக்கைக்கு வரும். ரேலியில் இவ்விரண்டுக்கும் ஓய்வே இல்லை. குறுகிய வளைவில் பின்சக்கரங்களைப் பூட்டி வண்டியைச் சுழற்றுவதற்குக் கைப்பிரேக் வேண்டும். ஆகவே வலிமையான கைக்கு அவ்வேலையைக் கொடுப்பது நியாயமாகவே தோன்றும்.

ஆனால் இதே வாதத்தைத் திருப்பியும் பிடிக்கலாம். வலக்கை கியருக்குப் போகும் நேரத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பது இடக்கை. கல்லும் குழியும் நிறைந்த சாலையில் கடினமான வேலை எது? கியர் போடுவதா, துள்ளும் ஸ்டியரிங்கைக் கட்டுப்படுத்துவதா? வலிமையான கை ஸ்டியரிங்கில் இருப்பதே நல்லது என்று வாதிடுவோர், வலப்பக்க ஸ்டியரிங்கே சிறந்தது என்று முடிப்பர். ஒரே காரணம் இரண்டு எதிர்முடிவுகளுக்கும் பொருந்துமானால், அக்காரணத்தால் எதையும் நிறுவ முடியாது.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வாய்ப்பும் கிடைத்தது. 2017 முதல் 2021 வரை உலக ரேலி கார்களில் கியர் மாற்றுவதற்கு ஸ்டியரிங்கின் பின்னால் விரலால் இழுக்கும் தகடு இருந்தது. கியருக்காகக் கையை எடுக்க வேண்டிய தேவையே போய், கைப்பிரேக் ஒன்றுதான் மிஞ்சியது. வலக்கைதான் முதன்மைக் காரணமாக இருந்திருந்தால், அந்த ஐந்தாண்டுகளில் யாராவது ஸ்டியரிங்கை வலப்பக்கம் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். இங்கிலாந்தின் கம்பிரியா மாவட்டத்தில் எம்-ஸ்போர்ட் கட்டிய போர்டு பியஸ்டா கார்கள்கூட இடப்பக்க ஸ்டியரிங்கோடுதான் ஓடின. 2022இல் கியர் தண்டு திரும்ப வந்தது. ஓட்டுநரின் இருக்கை மட்டும் அன்றும் மாறவில்லை, இன்றும் மாறவில்லை.

வலிமையைவிடப் பழக்கம் என்ற சொல்லே இங்கு உண்மைக்கு நெருக்கமானது. உலக ரேலியில் ஓட்டுநர்களுக்கான பட்டம் 1979இல் தொடங்கியது. அன்று முதல் 2024 வரை பட்டம் வென்றவர்களில் பெரும்பாலோர் பின்லாந்து, சுவீடன், பிரான்சு, இத்தாலி, ஸ்பெயின் போன்ற நாடுகளைச் சேர்ந்தவர்கள். பிரிட்டனிலிருந்து வென்றவர்கள் இருவரே: 1995இல் மெக்ரே, 2001இல் ரிச்சர்ட் பர்ன்ஸ். ஓட்டுநர்களுள் பெரும்பாலோர் இடப்பக்க ஸ்டியரிங்கில் வளர்ந்தவர்கள் என்னும்போது, அணி யாருக்கு ஏற்றபடி காரைக் கட்டும்? பிரிட்டிஷ் அணிகள் 1960களிலேயே பின்லாந்தின் டிமோ மாக்கினென், ரவுனோ ஆல்தொனென் போன்றோரை அழைத்து வந்து வெற்றி கண்டன. ஆள் வெளியிலிருந்து வந்தால், அவருடைய பழக்கமும் கூடவே வரும்.

மெக்ரேயும் பர்ன்ஸும் வேறொன்றையும் நமக்குக் காட்டுகிறார்கள். வலப்பக்கம் அமர்ந்து கற்ற இருவரும் இடப்பக்கம் அமர்ந்து உலகப் பட்டம் வென்றார்கள். பழக்கம் வலியதுதான், ஆனால் மாற்ற முடியாததன்று.

எடையும் வளைவும்

சிலர், எடைச் சமநிலைக்காக இப்படி வைக்கிறார்கள் என்பர். இது வட்டத்தடப் பந்தயத்திற்குப் பொருந்தும் விளக்கம். பிரான்சின் லெ மான் தடத்தில் கார்கள் கடிகாரச் சுற்றில் ஓடுகின்றன. வலப்பக்க வளைவுகள் மிகுதி. புகழ் பெற்ற போர்டு ஜிடி40, போர்ஷே 917 ஆகிய கார்களில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்ந்தார். கியர் தண்டும் அவருக்கு வலப்புறத்திலேயே இருந்தது. அமெரிக்காவின் நீள்வட்டத் தடங்களில் எதிர்ச்சுற்றில் ஓடும் கார்களில் ஓட்டுநர் இடப்பக்கம் அமர்கிறார். வளைவின் உட்பக்கத்தில் எடை இருப்பது நன்மை.

ரேலி சாலையில் இடவளைவும் வலவளைவும் கலந்தே வரும். அதோடு, ஓட்டுநருக்கு இணையாக மறுபக்கத்தில் துணை ஓட்டுநர் அமர்ந்திருக்கிறார். ஆளுக்கு ஆள் ஈடு. எனவே எடை இக்கேள்விக்கு விடை தராது.

சுவீடன் சொல்லும் செய்தி

சாலையில் செல்லும் பக்கமும் ஓட்டுநர் அமரும் பக்கமும் ஒன்றோடொன்று பிரிக்க முடியாதவை என்று நாம் நினைக்கிறோம். சுவீடன் நாட்டின் வரலாறு இந்த எண்ணத்தைத் தகர்க்கிறது.

1967 செப்டம்பர் 3ஆம் நாள் வரை சுவீடன் மக்கள் நம்மைப் போலச் சாலையின் இடப்பக்கமாகவே சென்றனர். ஆனால் அவர்களுடைய கார்களில் பெரும்பாலானவற்றில் ஸ்டியரிங்கும் இடப்பக்கமே இருந்தது! ஓட்டுநர் நடுக்கோட்டை விட்டு விலகி, சாலையோரத்தை ஒட்டி அமர்ந்திருந்தார். அண்டை நாடுகளான நார்வேயும் பின்லாந்தும் வலப்பக்கம் சென்றதால், மாறலாமா என்று 1955இல் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் வேண்டாம் என்றனர். ஆயினும் அரசு பின்னர் முடிவெடுத்து, ஒரே நாள் விடியற்காலையில் நாடு முழுவதையும் வலப்பக்கம் மாற்றியது.

1979இல் முதல் உலக ரேலி ஓட்டுநர் பட்டத்தை வென்ற பியோர்ன் வால்டெகோர்ட் ஒரு சுவீடன்காரர். 1943இல் பிறந்த அவருக்கு, நாடு பக்கம் மாறியபோது வயது 23. சாலை விதி மாறியது; நாட்டில் பெரும்பாலோருக்கு இருக்கை மாறவில்லை. 1960களில் ரேலி உலகைக் கலக்கிய எரிக் கார்ல்சன் போன்றோரும் இந்தச் சூழலிலிருந்து வந்தவர்களே. இடப்பக்க ஸ்டியரிங் என்பது வலப்பக்கம் செல்லும் நாடுகளுக்கு மட்டுமே உரிய ஒன்றன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

கண்ணாடி உருவம் அன்று

இனி, என் இரண்டாம் பிழை. பட்டறையில் வேலையைத் தொடங்கிய முதல் வாரத்திலேயே கண்ணாடி உடையத் தொடங்கியது.

பெடல்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் எந்தப் பக்கம் அமர்ந்தாலும் கிளட்ச் இடது, பிரேக் நடு, எண்ணெய் அழுத்தும் பெடல் வலது. இவை தலைகீழாவதில்லை. சாதாரணக் காரில் முதல் கியர் எப்போதும் இடப்பக்க மேல்மூலையில் இருக்கும். வலப்பக்கம் அமர்பவர் அதற்குக் கையைத் தம்மிடமிருந்து விலக்க வேண்டும்; இடப்பக்கம் அமர்பவர் தம்மை நோக்கி இழுக்க வேண்டும். இயந்திரமும் தலைகீழாவதில்லை. டர்போவும் புகைபோக்கிக் குழாயும் எந்தப் பக்கம் இருந்தனவோ அங்கேயே இருக்கும். ஓட்டுநரை அந்தப் பக்கம் நகர்த்தினால், ஸ்டியரிங் தண்டு இறங்க வேண்டிய இடத்தில் செந்தணலாய்ச் சுடும் குழாய் குறுக்கே நிற்கும்.

ஆக, சில உறுப்புகள் பக்கம் மாற வேண்டும், சில மாறக் கூடாது, சில மாற விரும்பினாலும் இடம் இல்லை. இதைத் தெரிந்தே பெரிய நிறுவனங்களும் சில நேரங்களில் ஒப்பேற்றியிருக்கின்றன. முதல் தலைமுறை வோக்ஸ்வேகன் கோல்பின் வலப்பக்க ஸ்டியரிங் காரில், பிரேக் பெடல் வலப்பக்கம் வந்தது. ஆனால் பிரேக் விசையைப் பெருக்கும் கருவி இடப்பக்கமே இருந்தது. இரண்டையும் காரின் குறுக்கே ஓடும் ஓர் இணைப்புத் தண்டு சேர்த்தது. அந்தத் தண்டு சற்று வளைந்தாலும் காலின் அழுத்தம் முழுமையாகப் போய்ச் சேராது. கடைக்குப் போய் வரும் காருக்கு அது போதலாம். பள்ளத்தாக்கின் விளிம்பில் பிரேக் போடும் காருக்குப் போதாது.

எங்கள் காரில் நாங்கள் மாற்ற வேண்டியிருந்தவற்றை ஒரு தாளில் எழுதினேன். ஸ்டியரிங் பற்சட்டம், அதன் தண்டு, பெடல் பெட்டி, பிரேக் குழாய்கள், கியர் தண்டின் இணைப்பு, கைப்பிரேக்கின் அடித்தளம், மின்கம்பித் தொகுதி, அளவிகள், இரு இருக்கைகளின் தாங்கிகள், துணை ஓட்டுநரின் கால் மேடை, அதில் அவர் காலால் அழுத்தும் ஒலிப்பான் பொத்தான் என்று பட்டியல் நீண்டது. மழைத் துடைப்பான்கூட ஓட்டுநரின் பக்க மூலையை நன்கு துடைக்கும் வகையில் அமைக்கப்பட்டிருந்தது. அதையும் மாற்ற வேண்டும். நான் சொன்ன மூன்று வாரம் ஒன்பது வாரமானது. மெக்கானிக் அண்ணன் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. இரவு பத்து மணிக்குத் தே தாரே வாங்கிக் கொடுத்து, "சாப்பிட்டு வா, இன்னும் கொஞ்சம் பாப்போம்" என்பார். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

கடைசியில் ஸ்டியரிங் தண்டைத் தாங்குவதற்கு ஒரு பிடிப்பு தேவைப்பட்டது. பழைய பிடிப்பு, பாதுகாப்புக் கூண்டின் குறுக்குக் குழாயில் இடப்பக்கம் இருந்தது. அதே போல வலப்பக்கம் ஒன்றைப் பற்றவைத்தால் போதும் என்றேன். பற்றவைத்தோம்.

போட்டிக்கு முதல் நாள் வாகனப் பரிசோதனை. அதிகாரி கைவிளக்கை அடித்துக் கூண்டைச் சுற்றிப் பார்த்தார். புதிய பற்றவைப்பின் மேல் விரலை வைத்தார். "இதை யார் செய்தது?" என்று கேட்டார். அவ்வளவுதான். கார் தகுதி பெறவில்லை.

விதி எளிமையானது. சான்றளிக்கப்பட்ட பாதுகாப்புக் கூண்டில் பற்றவைத்தோ கடைந்தோ நிரந்தர மாற்றம் எதுவும் செய்யக் கூடாது. அனைத்துலக மோட்டார் வாகனச் சம்மேளனத்தின் விதி அது. அதன் பின்னால் உள்ள அறிவியலை நான் இரண்டாம் ஆண்டிலேயே படித்திருந்தேன். கூண்டின் குழாய்கள் குளிர்நிலையில் இழுத்து உருவாக்கப்பட்ட, இணைப்புத் தையல் இல்லாத எஃகுக் குழாய்கள். குளிர்நிலையில் இழுக்கும்போது எஃகு கூடுதல் வலிமை பெறுகிறது. பற்றவைக்கும் வெப்பம் அந்த இடத்தைச் சுற்றியுள்ள உலோகத்தை மென்மையாக்கி, அந்தக் கூடுதல் வலிமையைப் பறித்துவிடும். கார் உருளும்போது குழாய் முதலில் மடங்கும் இடம் அதுவாக இருக்கக்கூடும். தேர்வில் இதை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன்தான், பட்டறையில் "பற்றவைக்கலாம்" என்று சொன்னேன்.

அந்த வாடிக்கையாளர் நுழைவுக் கட்டணத்தை இழந்தார். துணை ஓட்டுநராக வந்த அவருடைய தம்பி, சம்பளமில்லாத விடுப்பு எடுத்திருந்தார். இருவரும் காரை மீண்டும் லோரியில் ஏற்றினார்கள். நான் அருகில் போய், "அண்ணே, தப்பு என்னோடதுதான்" என்றேன். அவர் கயிற்றை இறுக்கிக்கொண்டே, "பரவால்ல தம்பி. உருண்டிருந்தா நாங்கதான உள்ள இருந்திருப்போம். அவர் பாத்தது நல்லதாப் போச்சு" என்றார். அவர் திட்டியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன்.

எண்ணிக்கையே முதன்மைக் காரணம்

அப்படியானால், உண்மையான காரணம் எது? பல ஆண்டுகள் இத்துறையில் இருந்த பின் நான் கண்டது இது: ஒரே பக்கத்தைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நிற்பதுதான் சிக்கனம். அந்த ஒரு பக்கம் இடப்பக்கமாக அமைந்ததற்குக் காரணம் எண்ணிக்கை.

உலக மக்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சாலையின் வலப்பக்கமாகச் செல்லும் நாடுகளில் வாழ்கின்றனர். ரேலியின் தாய்நிலமான ஐரோப்பாக் கண்டம் பெரும்பாலும் அப்படியே. லான்சியா, பியட், ரெனோ, பெஜோ, சித்ரோவன், ஆவ்டி, ஸ்கோடா ஆகிய நிறுவனங்களின் சொந்தச் சந்தை இடப்பக்க ஸ்டியரிங் சந்தை. 1980களில் நடைமுறைக்கு வந்த 'ஏ' பிரிவு விதிப்படி, ஒரு கார் ரேலியில் ஓட வேண்டுமானால் அதே வகைக் கார்கள் 5000 தயாரிக்கப்பட்டிருக்க வேண்டும். பந்தயக் கார் சாலைக் காரிலிருந்தே பிறந்தது. 1987 முதல் 1992 வரை தொடர்ந்து ஆறு முறை தயாரிப்பாளர் பட்டத்தை வென்ற லான்சியா டெல்டாவின் இன்டகிராலே வகையை, அந்நிறுவனம் வலப்பக்க ஸ்டியரிங்கோடு தயாரிக்கவே இல்லை.

போட்டிப் பட்டியலையும் பாருங்கள். 2024இல் உலக ரேலிப் போட்டிகள் 13 நடைபெற்றன. சாலையில் இடப்பக்கம் செல்லும் நாடுகள் அவற்றுள் இரண்டே: கென்யா, ஜப்பான். இரண்டு போட்டிகளின் இணைப்புச் சாலைகளுக்காக யாரும் தனிக் கார் கட்டுவதில்லை.

அடுத்து, உதிரிப்பாகங்கள். ஓர் அணியிடம் பல கார்களும் பல ஓட்டுநர்களும் இருப்பார்கள். பழுதுபார்ப்பு நேரம் நிமிடக் கணக்கில் அளந்து கொடுக்கப்படும். எல்லாக் கார்களும் ஒரே அமைப்பில் இருந்தால் எந்தப் பாகமும் எந்தக் காருக்கும் பொருந்தும். மெக்கானிக்கின் கை இருட்டிலும் இடம் அறியும். கடைசியாக, மறுவிற்பனை. பெரிய அணிகள் பயன்படுத்திய கார்களைப் பின்னர்த் தனி ஓட்டுநர்கள் வாங்குகிறார்கள். அவர்களில் மிகுதியானோர் இருப்பது ஐரோப்பாவில். வலப்பக்கக் காரைக் கட்டினால் வாங்குவோர் வட்டம் குறுகிவிடும்.

இப்போது மெக்ரேயின் காருக்குத் திரும்புவோம். இங்கிலாந்தில் கட்டினாலும், ஜப்பானின் பெயர் தாங்கினாலும், அந்தக் கார் ஓடப் போவதும், ஓட்டப்படுவதும், பின்னர் விற்கப்படுவதும் பெரும்பாலும் இடப்பக்க ஸ்டியரிங் உலகில். ஆகவேதான் அது அவ்வுலகின் வழக்கத்தைப் பின்பற்றியது.

வலப்பக்க ரேலி கார்களும் உண்டு

இதனால் ரேலி கார் என்றாலே இடப்பக்க ஸ்டியரிங்தான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். விதிகள் எந்தப் பக்கத்தையும் கட்டாயமாக்கவில்லை. சாலைக் காரிலிருந்து அதிகம் விலகாத பிரிவுகளில், உள்ளூரில் கிடைக்கும் காரே அடிப்படையாகிறது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இந்தியா, மலேசியா ஆகிய நாடுகளில் வலப்பக்க ரேலி கார்கள் ஏராளமாக ஓடியிருக்கின்றன, இன்றும் ஓடுகின்றன. எண்ணிக்கை மாறினால் வழக்கமும் மாறும் என்பதற்கு இதுவே சான்று.

நம் நாட்டின் கரம்ஜித் சிங் 2002ஆம் ஆண்டில், உற்பத்திக் கார்களுக்கான உலக ரேலிப் பட்டத்தை வென்றார். ஆசியர் ஒருவர் அப்பட்டத்தை வென்றது அதுவே முதல் முறை. துணை ஓட்டுநராக அவர் அருகில் அமர்ந்தவர் ஆலன் ஓ. நம் தோட்டச் சாலைகளில் பயின்றவர்கள் உலக மேடையில் நின்றதை நினைக்கும்போது, எந்தப் பக்கம் அமர்ந்தார்கள் என்பது எவ்வளவு சிறிய செய்தி என்று தோன்றும்.

நிறைவாக

எங்கள் வாடிக்கையாளரின் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. பட்டறையினர் கூண்டை அகற்றிப் புதிய கூண்டு பொருத்தினார்கள். ஸ்டியரிங் பழையபடி இடப்பக்கமே வந்தது. அடுத்த ஆண்டு அவர் அதே காரில் போட்டியிட்டார். முதல் நாள் பயிற்சியில் கியர் போட நினைத்து இடக்கையால் கதவை இடித்துக்கொண்டாராம். இரண்டாம் நாள் இடிப்பது குறைந்தது. மூன்றாம் நாள் மறந்தே போயிற்று. நான் ஒன்பது வாரத்தில் செய்ய முடியாததை அவருடைய கை மூன்று நாளில் செய்துவிட்டது.

அன்பு மாணவர்களே, ஒரு கேள்விக்கு ஒரே வரியில் அழகான விடை கிடைத்தால் எனக்கு இப்போது சற்று அச்சம் வருகிறது. அந்த விடையைத் திருப்பிப் போட்டாலும் பொருந்துகிறதா என்று முதலில் பார்க்கிறேன். அது பொருந்தாமல் போகும் இடம் ஒன்றைத் தேடுகிறேன். பிறகு, அந்த வேலையை நாள்தோறும் கையால் செய்பவரிடம் கேட்கிறேன். அன்று மெக்கானிக் அண்ணன் "கணக்கு சரியா வருமா?" என்று கேட்டபோது, "தெரியலண்ணே, பாத்துச் சொல்றேன்" என்று சொல்லியிருக்கலாம். படித்தவன் சொல்லக்கூடிய விடைகளில் அதுவும் ஒன்று என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.